அடேலி நிலம்: ஒரு துருவக் கடற்கரைக்குப் பெயர் வந்த கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அடேலி பெங்குயினைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். அந்த 'அடேலி' ஒரு பெண்ணின் பெயர். பிரான்சின் தூலோன் நகரத்தில் கடிகாரக்காரர் ஒருவருக்கு மகளாகப் பிறந்தவர் அவர். பனிக்கண்டத்தை அவர் பார்த்ததே இல்லை. பறவைக்கு முன்னால் ஒரு கடற்கரைக்கு அவர் பெயர் வந்தது. அது எப்படி வந்தது, கண்டுபிடித்தது உண்மையில் யார், இன்று அங்கே என்ன இருக்கிறது என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அடேலி நிலம் எங்கே இருக்கிறது?

அண்டார்டிகாவின் கிழக்குப் பாதியில், ஆஸ்திரேலியாவைப் பார்த்தபடி இருக்கும் ஓரத்தில். தாஸ்மேனியாவின் ஹோபார்ட் துறைமுகத்திலிருந்து தெற்கே, சற்று மேற்காகச் சுமார் 2,700 கிலோமீட்டர் போக வேண்டும். கிழக்குத் தீர்க்கரேகை 136 முதல் 142 பாகை வரை உள்ள பகுதி அது. நேர்கோட்டில் அளந்தால் கரையின் நீளம் 270 கிலோமீட்டர்தான் வரும். பிரான்ஸ் தன் வரைபடத்தில் இதைக் கடற்கரையிலிருந்து தென்துருவம் வரை நீளும் ஒரு முக்கோணத் துண்டாக, சுமார் 4,32,000 சதுர கிலோமீட்டர் என்று காட்டுகிறது.

அண்டார்டிக் வட்டம் ஏறக்குறைய இந்தக் கரையின் மேலேயே ஓடுகிறது. கோடையின் உச்சத்தில் நள்ளிரவிலும் சூரியன் மறைவதில்லை.

கண்டுபிடித்தவர் யார்?

ஜூல் துமோன் துர்வில். 1790-ல் நார்மண்டியில் பிறந்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. அண்டார்டிகாவுக்குப் போகாமல் இருந்திருந்தாலும் வரலாற்றில் அவருக்கு ஓர் இடம் இருந்திருக்கும். 1820-ல் கிரேக்கத்தின் மிலோஸ் தீவில், மண்ணிலிருந்து அப்போதுதான் தோண்டியெடுத்த கையில்லாத ஒரு பெண் சிலையைப் பார்த்து, இது சாதாரணச் சிலை இல்லை என்று புரிந்துகொண்டு பிரெஞ்சுத் தூதரகத்துக்குச் சொன்னவர்களில் அவர் ஒருவர். இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கும் மிலோவின் வீனஸ் அதுதான்.

தாவரவியல், பூச்சியியல், மொழிகள் என்று பல துறைகளில் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு உண்டு. தெற்குப் பனிக்கடலுக்குப் போகுமுன்பே இரண்டு நீண்ட கடற்பயணங்களை முடித்திருந்தார். அதில் இரண்டாவது பயணத்தில்தான், 1788-க்குப் பிறகு காணாமல் போன பிரெஞ்சுக் கடலோடி லா பெரூஸின் கப்பல்கள் நொறுங்கிக் கிடந்த வனிக்கோரோ தீவுக்குப் போய்ச் சேர்ந்தார். தன் கப்பலுக்கு 'அஸ்த்ரோலாப்' என்று பெயர் சூட்டியதே லா பெரூஸின் கப்பல் ஒன்றின் நினைவாகத்தான். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவரைத் தெற்கே போகச் சொன்னது யார்?

மன்னர் லூயி பிலிப். துர்வில் கேட்டது பசிபிக் தீவுகளின் மக்களையும் மொழிகளையும் ஆராய ஒரு பயணம். மன்னரோ, போகிற போக்கில் தென்துருவத்தை எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கிப் பார் என்று சேர்த்துவிட்டார். ஜேம்ஸ் வெட்டெல் என்ற பிரிட்டிஷ் கடல்நாய் வேட்டைக்காரர் 1823-ல் தெற்கு அட்சரேகை 74 பாகை 15 கலை வரை போயிருந்தார். அந்தச் சாதனையை முறியடிக்க வேண்டும். 75-ஆம் பாகையைத் தொட்டால் ஒவ்வொரு மாலுமிக்கும் 100 பிராங்க் பரிசு, அதற்கு மேல் போகும் ஒவ்வொரு பாகைக்கும் இன்னொரு ஐந்து பிராங்க் என்றும் அறிவித்தார்கள்.

1837 செப்டம்பரில் 'அஸ்த்ரோலாப்', 'ஸெலே' என்ற இரண்டு கப்பல்கள் தூலோனிலிருந்து புறப்பட்டன. இரண்டாவது கப்பலின் தலைவர் சார்ல் ஜாக்கினோ. பனியை உடைப்பதற்காகக் கட்டிய கப்பல்கள் இல்லை இவை. சாதாரண மரக்கப்பல்களுக்கு அடிப்பாகத்தில் உலோகத் தகடு அடித்து அனுப்பியிருந்தார்கள்.

முதல் முயற்சி தோற்றுப்போனது. 1838 தொடக்கத்தில் வெட்டெல் போன வழியிலேயே போய்ப் பார்த்தார்கள். பனி வழிவிடவில்லை. ஐந்து நாள் பனிக்குள் சிக்கி, கயிறு கட்டி இழுத்தும் கோடரியால் உடைத்தும்தான் வெளியே வர முடிந்தது. புதிய காய்கனி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோய் இரண்டு கப்பல்களையும் பிடித்துக்கொண்டது. சிலியின் தல்காவானோ துறைமுகத்தில் தற்காலிக மருத்துவமனை அமைத்து ஆட்களைத் தேற்ற வேண்டியிருந்தது. பரிசுப் பணம் யாருக்கும் கிடைக்கவில்லை.

அப்படியானால் அடேலி நிலத்தைக் கண்டது எப்போது?

இரண்டாவது முயற்சியில், இரண்டு ஆண்டு கழித்து. இடையில் பசிபிக் முழுவதையும் சுற்றிவிட்டு, சுமத்ராவிலிருந்து ஹோபார்ட்டுக்கு வந்த வழியில் வயிற்றுக்கடுப்பு நோய் பரவிப் பத்துப் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். 1839 டிசம்பரில் ஹோபார்ட்டை அடைந்தபோது, 'அஸ்த்ரோலாப்' மட்டும் தெற்கே போகட்டும், 'ஸெலே' நோயாளிகளோடு இங்கேயே இருக்கட்டும் என்று துர்வில் முடிவு செய்தார். ஜாக்கினோ அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாதாடி, தன் கப்பலையும் சேர்த்துக்கொள்ளச் செய்தார். குறைந்த ஆட்களுக்குப் பதிலாகத் துறைமுகத்தில் கிடைத்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, 1840 புத்தாண்டை ஒட்டிப் புறப்பட்டார்கள்.

ஜனவரி 19 மாலை அடிவானத்தில் நிலம் போல ஒன்று தெரிந்தது. மேகமாகவும் இருக்கலாம். மறுநாள் காற்றே இல்லை, பாய்கள் தொங்கிப்போய்க் கப்பல் நின்றுவிட்டது. ஆனால் சூரியன் எந்தப் பக்கம் போனாலும் அந்தச் சாம்பல் வெள்ளைக் கோடு மட்டும் அசையாமல் அங்கேயே இருந்தது. அண்டார்டிக் வட்டத்தை நெருங்கியதற்காக மாலுமிகள், பூமத்தியரேகையைக் கடக்கும்போது செய்வது போல வேஷம் கட்டி விழா எடுத்தார்கள். வழக்கமான தண்ணீர் அபிஷேகத்துக்குத் துர்வில் அனுமதி தரவில்லை. அந்தக் குளிரில் அது நியாயம்தானே.

21-ஆம் தேதி காற்று எழுந்தது. கரையை நோக்கிப் போகும் வழியெல்லாம் செங்குத்தான பனிப்பாறைகள், பாய்மரத்தை விட உயரமாக. ராட்சதர்கள் வாழும் நகரத்தின் குறுகிய தெருக்களில் போவது போல இருந்தது என்று துர்வில் எழுதியிருக்கிறார். அதிகாரிகள் கொடுத்த கட்டளைகள் அந்தப் பனிச்சுவர்களில் மோதி எதிரொலித்தனவாம். இரண்டு சிறு மரக்கப்பல்கள். ஒரு பாறை சரிந்தாலும் தப்பிக்க வழியில்லை. இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மூச்சு அடைக்கிறது.

தெருக்கள் முடிந்த இடத்தில் திறந்த நீர். அதற்கு அப்பால், கிழக்கிலிருந்து மேற்காகக் கண்ணுக்கு எட்டிய வரை, கடலிலிருந்து மெல்ல மேலேறும் ஒரே வெள்ளைச் சரிவு. உயரம் ஆயிரம் மீட்டருக்குக் குறையாது என்று கணக்கிட்டார்கள். ஒரு மரம் இல்லை, ஒரு கரும்புள்ளி இல்லை.

பார்த்துவிட்டார்களே, அப்புறம் ஏன் கல்லைத் தேடி அலைந்தார்கள்?

துருவக் கடற்கரையைக் கண்டுபிடிப்பதில் உள்ள சிக்கலே இதுதான். வேறு இடங்களில் கரை என்றால் மணல், பாறை, பச்சை என்று ஏதாவது ஒன்று காட்டிக்கொடுத்துவிடும். இங்கே நிலமும் வெள்ளை, கடல்பனியும் வெள்ளை, மிதக்கும் பனிப்பாறையும் வெள்ளை, தாழ்ந்த மேகமும் வெள்ளை. போதாததற்குக் குளிர்ந்த காற்றடுக்கில் ஒளி வளைந்து, அடிவானத்துக்குக் கீழே இருக்கும் பனியை மலைபோல் தூக்கிக் காட்டும். தூரத்தையும் நம்ப முடியாது. தெளிவான காற்றில் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். அனுபவமுள்ள மாலுமிகளே இல்லாத மலைகளை வரைபடத்தில் ஏற்றியிருக்கிறார்கள்.

ஆகவே வெள்ளைச் சரிவை மட்டும் பார்த்துவிட்டு 'நிலம்' என்று சொன்னால் ஊரில் யாரும் ஏற்கமாட்டார்கள் என்று துர்விலுக்குத் தெரியும். பனிக்கு அடியில் பாறை இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதனால் கரையோரமாகவே போனார்கள். ஒரு இடத்தில், பனி விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சில கரும் பாறைகள் கண்ணில் பட்டன. உடனே ஒரு கப்பலுக்கு ஒன்றாக இரண்டு படகுகளை இறக்கினார்கள். படகுக்காரர்கள் போட்டிபோட்டுத் துடுப்பு வலித்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரவு ஒன்பது மணி வாக்கில் பாறையில் கால் வைத்தார்கள். கோடைகாலம் என்பதால் வெளிச்சம் இருந்தது.

அங்கே குடியிருந்தவை பெங்குயின்கள். அவற்றைத் தள்ளிவிட்டுத்தான் இவர்கள் நிற்க இடம் பிடித்தார்கள். மூவர்ணக் கொடியை ஏற்றினார்கள். யாரோ மறக்காமல் எடுத்து வந்திருந்த போர்தோ மது பாட்டிலைத் திறந்து குடித்தார்கள். அதன்பின் உளியும் சுத்தியலுமாகப் பாறையைப் பெயர்க்க ஆரம்பித்தார்கள். பாறை மிகவும் கெட்டியாக இருந்ததால் சிறுசிறு துண்டுகள்தான் கிடைத்தன. கருங்கல் வகை. ஒரு சிப்பி, ஒரு பாசிகூட உயிரோடு கிடைக்கவில்லை. படகில் கற்களும் சில பெங்குயின்களும் ஏறின. அந்தக் கற்கள்தான் சாட்சி. என்னைக் கேட்டால் அன்று செய்த காரியங்களிலேயே உருப்படியானது அந்தக் கற்களைப் பெயர்த்ததுதான். கொடியை எங்கு வேண்டுமானாலும் நடலாம்.

அவர்கள் கால் வைத்தது அண்டார்டிகா நிலப்பரப்பிலா?

இல்லை. கரையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு சின்னப் பாறைத் தீவில். பயணத்தின் நீரளவையியலாளர் (கடலையும் கரையையும் அளந்து வரைபடம் போடுபவர்) வான்சன்தோன் துமூலேன் பெயரால் அழைக்கும் துமூலேன் தீவுகளில் ஒன்று அது. பிரெஞ்சில் அந்தப் பாறைக்கே 'கரையிறங்கிய பாறை' என்ற பொருளில் பெயர் இருக்கிறது. கல் கிடைத்த இடம் என்பதால் பக்கத்துக் கரைமுனைக்கு 'ஜியாலஜி முனை' என்று துர்வில் பெயர் வைத்தார். பின்னாளில் அளந்து பார்த்தபோது அந்த முனையும் தீவுக்கூட்டம்தான் என்று தெரிந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

மனைவி பெயரை ஏன் வைத்தார்? மன்னர் பெயரையல்லவா வைப்பார்கள்?

மன்னருக்கான கடனை அவர் முதல் முயற்சியிலேயே தீர்த்துவிட்டார். 1838-ல் அண்டார்டிக் தீபகற்பத்தின் நுனியில் பார்த்த நிலத்துக்கு 'லூயி பிலிப் நிலம்' என்றும், பக்கத்துத் தீவுக்கு மன்னரின் மகனான இளவரசர் ஜோன்வில் பெயரையும் வைத்திருந்தார். இரண்டாவது முறை வைத்த பெயர் மனதுக்குள்ளிருந்து வந்தது.

அடேல் பெப்பேனை அவர் மணந்தது 1815-ல். வீட்டில் செல்லமாக அடேலி. கடிகாரக்காரர் மகள் என்பதால் துர்வில்லின் தாய் இந்தச் சம்பந்தத்தை ஏற்கவே இல்லை. மருமகளைப் பார்க்கவும் மறுத்தார். பழைய பிரபுக்குடும்பம் என்ற எண்ணம். அடேலி தூலோனில் தனியாகக் குடும்பம் நடத்தினார். கணவர் 1822-ல் போய் 1825-ல் வந்தார். 1826-ல் போய் 1829-ல் வந்தார். 1837-ல் மறுபடியும் போனார். அந்தக் காலத்தில் ஒரு கடிதம் போய்ச் சேரவே மாதக்கணக்கில் ஆகும். பிள்ளைகள் பிறந்தன, சில பிள்ளைகள் இறந்தன. மூன்றாம் பயணத்தில் சிலியில் கப்பல் நின்றபோது துர்வில்லுக்குக் கிடைத்த கடிதத்தில், சிறிய மகன் காலராவில் இறந்துவிட்டான், திரும்பி வந்துவிடுங்கள் என்று அடேலி எழுதியிருந்தார். அவர் திரும்பவில்லை. மூட்டு வலியும் வயிற்று வலியும் அவரையும் வாட்டிக்கொண்டிருந்தன, இருந்தும் பயணத்தைத் தொடர்ந்தார்.

அந்தக் கடிதத்தை மனதில் வைத்துக்கொண்டு, அவர் பெயர் சூட்டியபோது எழுதிய காரணத்தைப் படிக்க வேண்டும். தொலைதூர ஆய்வுகளை நான் முடிப்பதற்காக, நீண்ட வேதனையான பிரிவுக்கு மூன்று முறை சம்மதித்த துணைவிக்கு என் ஆழ்ந்த நன்றி நிலைத்திருக்க வேண்டும், அதற்காகவே இந்தப் பெயர் என்கிறார். 'மூன்று முறை' என்று எண்ணிச் சொல்கிறார் பாருங்கள். ஒவ்வொரு பிரிவையும் அவர் கணக்கில் வைத்திருந்திருக்கிறார். அது நன்றி மட்டும்தானா, மன்னிப்பும் கலந்ததா? எனக்கு இரண்டும் தெரிகிறது. அந்தக் கடற்கரையில் எத்தனையோ பெயர்கள் உண்டு. காத்திருந்தவருக்கு, காத்திருந்ததற்காகவே என்று காரணம் எழுதி வைத்த பெயராக எனக்குத் தெரிவது இது ஒன்றுதான்.

கிளாரி கடற்கரை என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன?

அடேலி நிலத்துக்கு மேற்கே, சில நாள் கழித்து அவர்கள் பார்த்த நீண்ட பனிச்சுவர். அதற்கு ஜாக்கினோவின் மனைவி பெயரை வைத்தார் துர்வில். கூடவே வருவேன் என்று ஹோபார்ட்டில் அடம்பிடித்த நண்பரின் வீட்டிலும் ஒருவர் காத்திருந்தார் அல்லவா.

பெங்குயினுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

நிலத்தின் வழியாக. கப்பலில் இருந்த இயற்கையியலாளர்கள் ஓம்ப்ரோன், ஒனோரே ஜாக்கினோ இருவரும் 1841-ல் அந்தப் பறவையை முறைப்படி விவரித்துப் பெயரிட்டார்கள். ஒனோரே, கப்பல் தலைவர் ஜாக்கினோவின் தம்பி. பறவை அடேலி நிலத்தில் மட்டும் வாழ்வதில்லை. அண்டார்டிகாவைச் சுற்றிலும் எல்லாக் கரைகளிலும் இருக்கிறது. அதனால்தான் நிலத்தைத் தெரியாதவர்களுக்கும் பறவையைத் தெரிகிறது.

அமெரிக்கரான வில்க்ஸ்தான் முதலில் கண்டார் என்கிறார்களே?

இது அன்றே பெரிய சண்டையானது. சார்லஸ் வில்க்ஸ் தலைமையில் அமெரிக்கக் கடற்படைப் பயணம் ஒன்று அதே கோடையில் சிட்னியிலிருந்து புறப்பட்டு அதே பகுதியில் சுற்றிக்கொண்டிருந்தது. ஜனவரி 19 அன்றே நிலத்தைக் கண்டோம் என்று வில்க்ஸ் முதலில் அறிவித்தார். துர்வில் சொன்னதும் அதே தேதி. பிற்பாடு, இல்லை, 16-ஆம் தேதியே கண்டோம் என்று தேதியை முன்னால் தள்ளினார். அவருடைய சொந்த அதிகாரிகளே இதில் ஒத்துப்போகவில்லை. ஊர் திரும்பியதும் 1842-ல் கடற்படை நீதிமன்றத்தில் அவரை நிறுத்தினார்கள். நிலத்தைக் கண்டதாகப் பொய் சொன்னார் என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அது நிரூபணமாகவில்லை. மாலுமிகளுக்கு அளவுக்கு மீறிக் கசையடி கொடுத்ததற்காக மட்டும் கண்டனம் பெற்றார்.

இன்னொரு பிரச்சினை, வில்க்ஸ் வரைபடத்தில் நிலம் காட்டியிருந்த ஓர் இடத்தில் ஜேம்ஸ் ராஸ் என்ற பிரிட்டிஷ் தளபதி மறு ஆண்டே கப்பலோட்டிக் காட்டிவிட்டார். உடனே வில்க்ஸைப் பொய்யர் என்றார்கள். அது நியாயமில்லை என்பது என் கருத்து. மேலே சொன்ன கானல் மலைகளும் தூரக் குழப்பமும்தான் காரணம். சுமார் 2,400 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரையை ஒட்டிப் பயணம் செய்து, இது தனித்தனித் தீவு அல்ல, ஒரு கண்டம் என்று துணிந்து சொன்னவர் வில்க்ஸ். அந்தப் பெரும்பகுதிக்கு இன்று வில்க்ஸ் நிலம் என்றுதான் பெயர்.

இரு பயணங்களும் நேருக்கு நேர் சந்தித்த ஒரு கணமும் உண்டு. ஜனவரி கடைசியில் மூடுபனிக்குள்ளிருந்து வில்க்ஸின் 'போர்ப்பாய்ஸ்' கப்பல் வெளிப்பட்டது. கூடவே ஓட வசதியாக இருக்கட்டும் என்று துர்வில் பாயை விரித்தார். தம்மைத் தவிர்க்கிறார்கள் என்று அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்டு விலகிப் போய்விட்டார்கள். உலகத்தின் கடைசி ஓரத்தில் இரண்டு நாட்டுக்காரர்கள் ஒரு வார்த்தை பேசாமல் பிரிந்தார்கள்.

சரி, யார் முதல்? அண்டார்டிகாவை முதலில் கண்டவர் இவர்கள் இருவருமே இல்லை. 1820 ஜனவரியிலேயே ரஷ்யக் கடற்படையின் பெல்லிங்ஸ்ஹவுசன் கண்டத்தின் இன்னொரு பக்கத்தில் பனி விளிம்பைப் பார்த்துவிட்டார். ஆனால் இந்தத் துண்டில் கையில் கல்லோடு வந்தவர் துர்வில்தான்.

காந்தத் துருவத்துக்கும் இந்தப் பயணத்துக்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு. அந்தக் காலத்தில் கப்பலோட்டத்துக்கு உயிர்நாடி திசைகாட்டி. தென் காந்தத் துருவம் எங்கே என்று தெரிந்தால் திசைகாட்டியின் பிழைகளைத் திருத்தலாம். அடேலி நிலத்தை நெருங்கும்போது ஊசி தடுமாறியது. காந்த ஊசி எவ்வளவு கீழ்நோக்கிச் சாய்கிறது என்று அளக்கும் சாய்வுமானியின் ஊசியோ, காந்தத் துருவம் அருகில் இருப்பதற்கு அடையாளமாக, ஏறக்குறைய செங்குத்தாக நின்றது. வான்சன்தோன் துமூலேன் இந்த அளவீடுகளை வைத்துத் துருவத்தின் இடத்தைக் கணக்கிட்டார்.

இதே துருவத்தைத் தேடித்தான் ராஸும் புறப்பட்டிருந்தார். 1840 ஆகஸ்டில் ஹோபார்ட் வந்தவர், பிரெஞ்சுக்காரரும் அமெரிக்கரும் முந்திக்கொண்டார்கள் என்று கேட்டுக் கொதித்துப்போனார். பிறர் போன தடத்தில் போவது இங்கிலாந்துக்கு அழகல்ல என்று கிழக்கே தள்ளி வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் கோபம்தான் அவரை ராஸ் கடலுக்குள்ளும், எரிபஸ் எரிமலைக்கும், மாபெரும் பனியடுக்குக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

காந்தத் துருவம் ஓரிடத்தில் நிற்பதில்லை. 1909-ல் எட்ஜ்வொர்த் டேவிட், டக்ளஸ் மாசன், மக்கே மூவரும் நடந்து போய் அடைந்தபோது அது உள்நாட்டில் இருந்தது. நகர்ந்து நகர்ந்து, இப்போது அடேலி நிலத்துக்கு வெளியே கடலில் இருக்கிறது.

அந்த இடத்துக்கு அதற்கு முன் வேறு பெயர் இருந்ததா?

இல்லை. அண்டார்டிகாவில் பழங்குடி மக்கள் யாரும் இல்லை. வடதுருவத்துக் கரைகளில் நிலைமை வேறு. அங்கே இன்யூட் மக்கள் ஒவ்வொரு வளைகுடாவுக்கும் பாறைக்கும் பெயர் வைத்திருந்தார்கள், ஐரோப்பியர் வந்து அதன்மேல் வேறு பெயரை எழுதினார்கள். அடேலி நிலத்தின் பெயர் யாருடைய பெயரையும் அழித்து வரவில்லை. எனக்கு இது மனதுக்கு நிறைவான விஷயம்.

துர்வில் மனைவியிடம் திரும்பினாரா?

திரும்பினார். 1840 நவம்பரில் கப்பல்கள் தூலோன் வந்தன. ரியர் அட்மிரல் பதவி கிடைத்தது. பயண அறிக்கையை எழுத உட்கார்ந்தார்.

1842 மே 8, ஞாயிற்றுக்கிழமை. வெர்சாய் அரண்மனைத் தோட்டத்து நீரூற்றுகளைப் பார்க்க, அவரும் அடேலியும் மிஞ்சியிருந்த ஒரே மகன் ஜூலும் ரயிலில் போனார்கள். பாரிஸுக்குத் திரும்பும் வழியில் எஞ்சினின் அச்சு முறிந்து, பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. அந்தக் காலத்து வழக்கப்படி பெட்டிக் கதவுகளை வெளியிலிருந்து பூட்டியிருந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் கருகி இறந்தார்கள். துர்வில் குடும்பம் முழுவதும் அதில் போய்விட்டது. அவருடைய உடலை அடையாளம் காட்டியவர், அதே அண்டார்டிகப் பயணத்தில் கூட வந்த துமூத்தியே. மண்டையோட்டு அமைப்பை ஆராய்பவரான அவர், முன்பே துர்வில் தலையின் அச்சு வார்ப்பு ஒன்றை எடுத்து வைத்திருந்தார். பிரான்சில் பயணிகளை உள்ளே வைத்துப் பூட்டும் வழக்கம் அந்த விபத்தோடு ஒழிந்தது.

பனிப்பாறைகளின் நடுவே தப்பியவர். இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. மோன்பர்னாஸ் கல்லறையில் மூவரும் இருக்கிறார்கள்.

பிறகு யார் அங்கே போனார்கள்?

எழுபது ஆண்டுக்கு மேல் யாரும் போய்த் தங்கவில்லை. 1912 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் மாசன், இன்றைய எல்லைக்குச் சற்றுக் கிழக்கே டெனிசன் முனையில் குடில் கட்டினார். அப்போது அதையும் அடேலி நிலம் என்றே எழுதினார்கள். உள்நாட்டுப் பனிமேட்டிலிருந்து கனத்த குளிர்காற்று சரிவில் உருண்டு கடலில் விழும் இடம் அது. ஆண்டுச் சராசரியே மணிக்கு 80 கிலோமீட்டர் அளவில் இருந்தது. கடல்மட்டத்தில் உலகிலேயே அதிகம் காற்றடிக்கும் கரை என்று பெயர் வாங்கியது.

பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்தது 1950 ஜனவரியில், துர்வில் வந்து 110 ஆண்டு கழித்து. முந்திய ஆண்டு முயற்சியைப் பனி தடுத்துவிட்டது. லியோத்தார் தலைமையில் போர்ட் மார்ட்டின் என்ற நிலையத்தை அமைத்தார்கள். 1952 ஜனவரியில் ஓர் இரவு அது எரிந்து சாம்பலானது. உயிர்ச்சேதம் இல்லை. மரியோ மாரே என்பவருடன் ஏழு பேராக, ஜியாலஜி முனைத் தீவுகளில் ஒன்றான பெட்ரல் தீவில் ஒரு சின்னக் குடிலில் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். பக்கத்திலேயே பேரரசப் பெங்குயின்களின் பெரிய குடியிருப்பு. குளிர்காலம் முழுவதும் அவற்றோடு வாழ்ந்து பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. அதே தீவில் 1956-ல் எழுந்த நிலையத்தின் பெயர் துமோன் துர்வில். 2005-ல் வெளிவந்து ஆஸ்கர் வாங்கிய பிரெஞ்சுப் பெங்குயின் ஆவணப்படம் அங்கே எடுத்ததுதான்.

அது யாருக்குச் சொந்தம்?

பிரான்ஸ் தனது என்கிறது. 1924-ல் ஆணை போட்டு மடகாஸ்கர் நிர்வாகத்தின் கீழ் வைத்தது. 1933-ல் பிரிட்டன் ஆஸ்திரேலியாவுக்கு அண்டார்டிகப் பகுதியைக் கொடுத்தபோது 'அடேலி நிலம் நீங்கலாக' என்று எழுதியது. 1938-ல் எல்லை 136, 142 பாகைகள் என்று நிலைபெற்றது. இதனால்தான் வரைபடத்தில் ஆஸ்திரேலியப் பகுதியின் நடுவே ஒரு மெல்லிய பிரெஞ்சுக் கீற்று தெரிகிறது. 1959-ல் கையெழுத்தான அண்டார்டிக ஒப்பந்தம் எல்லா நாடுகளின் உரிமைக் கோரிக்கைகளையும் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறது. ஆராய்ச்சி நடக்கலாம், படை கூடாது.

இந்தியாவின் நிலையங்கள் இருப்பதும் பெண் பெயர் கொண்ட கரைகளில்தான் என்கிறார்களே?

ஆமாம். 2012-ல் தொடங்கிய பாரதி நிலையம் இங்கிரிட் கிறிஸ்டென்சன் கடற்கரையில் இருக்கிறது. திமிங்கில வேட்டைத் தொழிலதிபர் லார்ஸ் கிறிஸ்டென்சனின் மனைவி அவர். மைத்ரி நிலையம் நார்வே இளவரசி அஸ்ட்ரிட் பெயர் கொண்ட கரைக்கு உள்ளே. அரசி மாட் நிலம், அமெரிக்கரான பேர்டு தன் மனைவி பெயரை வைத்த மேரி பேர்டு நிலம் என்று வரிசை நீளும். இவர்களில் இங்கிரிட் மற்றவர்களைப் போல அல்ல. 1930-களில் பலமுறை தானே கப்பலேறி அண்டார்டிகாவுக்குப் போய் வந்தவர்.

இன்று அந்தக் கரை எப்படி இருக்கிறது?

ஆராய்ச்சி தொடர்ந்து நடக்கிறது. வருத்தமான பக்கமும் உண்டு. 1980-களில் விமான ஓடுதளத்துக்காகச் சில தீவுகளை வெடிவைத்துத் தகர்த்து இணைத்தார்கள். பறவைகள் கூடு கட்டிய தீவுகள் அவை. 1993-ல் வேலை முடிந்தது. 1994 ஜனவரியில் பக்கத்துப் பனியாறு உடைந்து எழுந்த அலை அதைச் சிதைத்துவிட்டது. ஒரு விமானம்கூட முறையாக ஓடாமலே கைவிட்டார்கள். அந்தத் தீவுகளை யாராலும் திருப்பித் தர முடியாது.

பெட்ரல் தீவின் அடேலி பெங்குயின்களும் கஷ்டப்படுகின்றன. 2013–14 இனப்பெருக்கக் காலத்தில் ஒரு குஞ்சுகூடப் பிழைக்கவில்லை. 2017-ல் சுமார் 18,000 ஜோடிகளின் குஞ்சுகளில் பிழைத்தவை இரண்டு. கடல்பனி வழக்கத்துக்கு மாறாக விலகாமல் நின்றதால் தாய்ப்பறவைகள் இரைக்காக வெகுதூரம் போக வேண்டியிருந்தது. அவை திரும்புவதற்குள் குஞ்சுகள் பசியிலும் ஈரத்திலும் இறந்துபோயின.

துர்வில் ஆட்கள் கல் பெயர்த்த அந்தச் சிறு பாறை இப்போது அண்டார்டிக ஒப்பந்தத்தின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் இருக்கிறது. நிலையத்துக்கு உணவும் ஆட்களும் கொண்டுபோகும் பனியுடைக்கும் கப்பல் இன்றும் ஹோபார்ட்டிலிருந்துதான் கிளம்புகிறது. அதன் பெயர் 'அஸ்த்ரோலாப்'.